தகவும் அளவுகோலும்

ஒரு காரியம் நன்றாக நடந்தேறியது என்று சொல்லிவிடுதல் எளிது. எதனால் நன்று, எவருக்கு நன்று, எந்த அளவுகோலைக் கொண்டு அது நன்றென்று துணியப்பட்டது என்று அடுத்தடுத்து வினாவத் தொடங்கினால், எளிதாகத் தோன்றிய கூற்று இடர்ப்படும். பாடசாலையையும் வைத்தியசாலையையும் நீர்ப்பாசனத்தையும் பொதுமக்களின் பணங்கொண்டு நடத்துகின்ற அரசு எதுவாயினும் இவ்வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. அவ்விடையை முறையாகத் தேடுகின்ற துறையை மதிப்பீட்டாய்வு என வழங்குவர். துறையின் பெயர் இருபதாம் நூற்றாண்டிலே தோன்றியது. அது எடுத்துக்கொண்ட சிக்கலோ மிகப் பழையது.

அச்சிக்கலின் நடுவே நிற்பது ஒரு பொருளின் தகவு யாது என்னும் வினா. தகவு என்பது தமிழுக்குப் பழகிய சொல். ஒருவர் தக்காரா தகவிலரா என்பதனை அவருக்குப் பின் எஞ்சி நிற்பதைக் கொண்டு அறியலாமென்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்துக் கூறினார். மதிப்பிடுவோனுக்கு முதலில் வேண்டுவது நடுவுநிலைமை என்பதும், தகவு அறிவதற்குக் காலம் வேண்டும் என்பதும் அவ்வைப்பினின்று பெறப்படும். இவ்விரண்டையும் மறந்து அவசரமாக அளக்கப் புகுந்தோரின் வரலாறே மதிப்பீட்டின் வரலாற்றிற் பெரும்பகுதி எனலாம்.

அவ்வரலாற்றிலே முதலில் நிற்கத்தக்கது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. அந்நாட்டு அரசு 1833 ஆம் ஆண்டிலே ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டடங்களுக்கென 20,000 பவுண் நன்கொடை வழங்கித் தன் கல்விப் பணியைத் தொடங்கிற்று. முப்பதாண்டுக்குள் அத்தொகை எட்டு இலட்சம் பவுணைக் கடந்தது. பணம் பெருகவே, அதற்கீடாகக் கிடைத்தது யாது என்ற கேள்வியும் பெருகியது. 1858 ஆம் ஆண்டில் நியூகாசில் கோமகன் தலைமையிலே ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. பாடசாலைகளிலே மேல்வகுப்பு மாணாக்கர் சிலர் நன்கு பயிற்றப்படுகின்றனர்; கீழ்வகுப்புப் பிள்ளைகளோ எழுத்து வாசனையும் எண் கணக்கும் செம்மையாகப் பெறாமலே வெளியேறுகின்றனர் என்று அவ்வாணைக்குழு 1861 இல் அறிவித்தது. பரீட்சையின் பேற்றினைப் பொறுத்து நன்கொடை வழங்கப்படல் வேண்டுமென்பது அதன் விதப்புரைகளுள் ஒன்று.

அக்காலத்திலே கல்விக்குப் பொறுப்பாயிருந்தவர் றொபேட் லோ என்பவர். கூரிய மதியும் கூரிய நாவும் உடையவர். அவர் கொணர்ந்த திருத்திய சட்டக்கோவை 1862 இல் நடைமுறைக்கு வந்தது. இம்முறை மலிவாயில்லாவிடின் பயனுடையதாயிருக்கும், பயனுடையதாயில்லாவிடின் மலிவாயிருக்கும் என்னும் பொருள்பட அவர் பாராளுமன்றத்திலே கூறியது பின்னர் பலராலும் எடுத்தாளப்பட்டது. பொதுப்பணத்தைச் செலவிடுவோர் பயனைக் காட்டல் வேண்டுமென்ற அவரது கொள்கையிலே குற்றங் காண்பதற்கில்லை. கீழ்வகுப்புப் பிள்ளைகள் புறக்கணிக்கப்பட்டமையும் மெய்யே. பயனை அவர் எவ்வாறு அளந்தார் என்பதிலேதான் வில்லங்கம் தொடங்கிற்று.

அளந்த விதம் இது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்று குறித்த அளவு நாட்கள் வருகை தந்திருப்பின், அப்பிள்ளையின் பேரிலே 8 சிலிங் நன்கொடை பெறத்தக்கது. வித்தியாதரிசி வந்து அப்பிள்ளையை வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்னும் மூன்றிலும் தனித்தனியே சோதிப்பார். ஒன்றிலே தவறின் 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். மூன்றிலும் தவறின் எட்டுச் சிலிங்கும் போயிற்று. சராசரி வருகையைக் கொண்டு ஒரு பிள்ளைக்கு 4 சிலிங் வேறாகக் கொடுக்கப்பட்டது. பாடங்கள் ஆறு தரங்களாக வகுக்கப்பட்டிருந்தன. முதலாந் தரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களை வாசித்து இருபது வரை எண்களை அறிந்திருத்தல் போதும். ஆறாந் தரத்துப் பிள்ளை செய்தித்தாளிலே ஒரு சிறு பந்தியை வாசித்தல் வேண்டும். பேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்று இம்முறை பெயர் பெற்றது.

சிக்கனம் என்ற அளவிலே லோவின் வாக்குப் பலித்தது. 1861 இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 13 ஆயிரம் பவுணாயிருந்த நன்கொடை 1865 இல் 6 இலட்சத்து 36 ஆயிரம் பவுணாகச் சுருங்கியது. வகுப்பறையினுள்ளே நிகழ்ந்தது வேறு. ஆசிரியரின் வேதனம் பிள்ளைகளின் நாவிலே தங்கியிருந்தது. ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகம் திரும்பத் திரும்ப ஓதப்பட்டது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி வாசித்த பிள்ளைகளைப் பற்றிய கதைகள் நாடெங்கும் வழங்கின. வித்தியாதரிசி வருகின்ற நாளிலே நோயுற்ற பிள்ளைகளையும் எவ்வாறேனும் வகுப்புக்குக் கொணர்ந்தனர் என்று அக்காலத்தவர் எழுதியுள்ளனர். வரலாறு, பூமிசாத்திரம், இசை முதலியவற்றுக்குக் காசு இல்லை. ஆகவே அவற்றுக்கு நேரமும் இல்லையாயிற்று. சில ஆண்டுகளின் பின் வேறு சில பாடங்களும் நன்கொடைக்குரியனவாகச் சேர்க்கப்பட்டன. அவையும் அதே ஆலையிலே அரைபட்டன.

இம்முறையை முதன்முதல் ஆழ்ந்து கண்டித்தவர் ஒரு கவிஞர் என்பது எண்ணத்தக்கது. மதியூ ஆர்னல்ட் 1851 முதல் 1886 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், வித்தியாதரிசியாகக் கடமையாற்றித் தம் சீவனத்தை நடத்தியவர். சட்டக்கோவை வந்த அதே 1862 ஆம் ஆண்டிலே அதனை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். எழுதியவர் எழுதப்பட்டவரின் கீழேயே ஊதியம் பெறும் உத்தியோகத்தர் என்பதனை நினைக்கும்போது அவரது துணிவு விளங்கும். பாடசாலை என்பது வாசிப்பையும் கணக்கையும் உற்பத்தி செய்யும் இயந்திரமன்று; நாகரிகமற்ற சூழலிலே பிறந்த பிள்ளையை மனிதத் தன்மைக்கு உயர்த்தும் உயிருள்ள நிறுவனம்; ஆதலின் அதனை முழுமையாக நோக்கியே மதிப்பிடல் வேண்டும் என்பது அவரது கட்சி. பின் வந்த அறிக்கைகளிலே அவர் காட்டிய உண்மை இன்னும் நுட்பமானது. தக்க தந்திரத்தோடு ஆயத்தஞ் செய்தால், வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ மெய்யாக அறியாத பிள்ளைகளையே வாசிப்பு, எழுத்து, கணக்குப் பரீட்சையிலே தேறச் செய்யலாம் என்று 1869 ஆம் ஆண்டின் அறிக்கையிலே அவர் எடுத்துக் காட்டினார்.

இக்கூற்றின் ஆழம் எளிதிலே புலப்படாது. வரலாறும் இசையும் புறக்கணிக்கப்பட்டன என்பது ஒரு முறைப்பாடு. அதற்கு லோ விடை கூறியிருக்கலாம்: முதலில் வாசிப்பு வரட்டும், இசை பின்னர் வரும் என்று. ஆர்னல்டின் கூற்றோ, எதனை அளப்பதற்கென்று அந்த அளவுகோல் செய்யப்பட்டதோ அதனையே அது அளக்கவில்லை என்பதாகும். தேறியோர் தொகை ஏறிற்று, வாசிப்பு ஏறவில்லை. வாசிப்பின் அடையாளமாக வைக்கப்பட்ட பரீட்சைக்குப் பணம் வைத்ததனாலே, பணமே அந்த அடையாளத்தைப் பழுதாக்கிற்று.

மதிப்பிடுவோரின் சுதந்திரம் பற்றிய சிக்கலும் அப்போதே எழுந்தது. தமக்கு உவப்பில்லாத கருத்துக்களைக் கொண்ட வித்தியாதரிசிகளின் அறிக்கைகளைக் கல்வித் திணைக்களம் வெட்டித் திருத்துகின்றது என்ற குற்றச்சாட்டு 1864 ஏப்பிரலிலே பாராளுமன்றத்தில் வந்தது. அது வாக்கெடுப்பிலே நிறைவேறவே லோ பதவி துறந்தார். பின்னர் ஒரு குழு ஆராய்ந்து அவரைக் குற்றமற்றவரெனக் கூறியது, அத்தீர்மானமும் நீக்கப்பட்டது. ஆயினும் நாட்டிலுள்ள பாடசாலைகளையெல்லாம் மதிப்பிடப் புகுந்தவர், தம் முறையின் மதிப்பீட்டை வெளியிடும் விடயத்திலே பதவியை இழந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பேற்றுக்கேற்ற கொடுப்பனவு இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் அதனை மேற்கொண்டது. அயர்லாந்து 1872 இல் ஏற்றது. இலங்கைக்கும் வந்தது. இங்கே சட்டநிரூபண சபையின் குழுவொன்று மோர்கன் என்பார் தலைமையிலே கல்வி நிலையை ஆராய்ந்ததன் பயனாக 1869 ஆம் ஆண்டிலே பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையொட்டி மிசனரிமாரும் பிறரும் நடத்திய பாடசாலைகள் பரீட்சைப் பேற்றுக்கேற்ப நன்கொடை பெறலாயின. ஏற்கெனவே பயின்ற ஆசிரியரையும் ஒழுங்காக வரும் பிள்ளைகளையும் உடைய பாடசாலை மேலும் காசு பெறும். வயல் வேலைக்காலத்திலே பிள்ளைகள் வராத பின்தங்கிய கிராமத்துப் பாடசாலை உள்ளதையும் இழக்கும். உதவி எங்கே கூடுதலாக வேண்டுமோ அங்கே குறைவாகச் செல்வது இம்முறையின் உள்ளமைப்பிலேயே இருந்தது.

இங்கிலாந்திலே 1890 ஆம் ஆண்டின் சட்டக்கோவை இதன் முதுகெலும்பை முறித்தது. எஞ்சியனவும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தன. எட்மன்ட் ஹோம்ஸ் என்பவர் இம்முறை நிலவிய காலத்திலே வித்தியாதரிசியாகச் சேர்ந்து, பின்னர் ஆரம்பப் பாடசாலைகளின் பிரதம வித்தியாதரிசியாக உயர்ந்தவர். ஓய்வு பெற்றபின் 1911 இல் அவர் வெளியிட்ட நூல், தாம் பல்லாண்டு நடத்திய அதே முறை ஆசிரியரையும் மாணவரையும் எவ்வாறு பொறிகளாக்கிற்று என்பதனை இரக்கமின்றி எடுத்துரைத்தது.

அட்லாந்திக் சமுத்திரத்தின் அக்கரையிலே இதே வினா வேறொரு கோலத்தோடு எழுந்தது. ஜோசப் மேயர் றைஸ் என்பவர் குழந்தை வைத்தியர். தொழிலை விட்டு ஜெர்மனி சென்று உளநூலும் கல்விநூலும் கற்றுத் திரும்பினார். 1892 ஆம் ஆண்டிலே முப்பத்தாறு நகரங்களுக்குச் சென்று, ஆயிரத்திருநூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் கற்பித்தலை நேரிலே கண்டு எழுதினார். கண்டதனால் மட்டும் அமையாமல் அளக்கவும் துணிந்தார். எடுத்துக்கொண்டது எழுத்துக்கூட்டல். ஆங்கிலம் எழுதும் விதம் ஒன்று, ஒலிக்கும் விதம் வேறொன்று. ஆதலின் அமெரிக்கப் பாடசாலைகள் நாள்தோறும் நெடுநேரத்தை இப்பயிற்சியிலே கழித்தன. தமிழ்ப் பிள்ளைகள் ரகர றகரத்தோடும் மூவகை லகரங்களோடும் படும் பாட்டை நினைப்போர்க்கு அது விளங்கும்.

ஏறத்தாழ முப்பத்துமூவாயிரம் பிள்ளைகள் றைஸின் சோதனைகளுக்கு உட்பட்டனர். முதற் சோதனையிலே சில பாடசாலைகள் வியக்கத்தக்க புள்ளிகளைப் பெற்றன. அவர் ஐயுற்று ஆராய்ந்தபோது, சொல்லை உச்சரித்த ஆசிரியர் சிலர் எழுத்துக்கள் வெளிப்படும்படி அழுத்தி உச்சரித்தமை தெரியவந்தது. ஆகவே வேறு விதமாக மீண்டும் சோதித்தார். முடிவு 1897 இல் வெளியாயிற்று. நாள் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பயின்ற பிள்ளைகளுக்கும், நாற்பது நிமிடத்துக்கு மேலாகப் பயின்ற பிள்ளைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கல்வி அதிகாரிகள் கொதித்தெழுந்தனர். எழுத்துக்கூட்டல் கற்பிப்பதன் நோக்கம் பிள்ளை பிழையற எழுதுவதன்று, அதன் மனத்தை நெறிப்படுத்துவதே என்றும், ஆகவே பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்ட வருகின்றதா என்று சோதித்து அக்கற்பித்தலை மதிப்பிடுவது மடமை என்றும் அவர்கள் வாதிட்டனர். இவ்வாதத்தைக் கேட்டுச் சிரித்தோர் பலர். சிரிப்பு நியாயமானதே, அவ்வதிகாரிகள் அந்த மன நெறியை எவ்வாறு காட்டுவது என்று ஒரு வழியும் கூறினாரல்லர். எனினும் அவர்களது வாதத்தினுள்ளே ஒரு மெய் ஒளிந்திருந்தது. ஒரு பொருளை அளக்குமுன் அதன் நோக்கம் யாது என்று துணிதல் வேண்டும் என்பதே அது. றைஸின் கணக்கு வழக்குக்கு அதனை ஆராயும் கருவி இருக்கவில்லை.

அக்கருவியைச் செய்தவர் றால்ப் டைலர். அமெரிக்காவிலே 1933 முதல் 1941 வரை நடைபெற்ற எட்டாண்டு ஆய்வு முப்பது உயர்தரப் பாடசாலைகளைப் பற்றியது. கல்லூரிப் பிரவேசத்துக்கென விதிக்கப்பட்ட பாடங்களினின்று அப்பாடசாலைகள் விடுவிக்கப்பட்டன; தம் பிள்ளைகளுக்கு உகந்த பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கலாம். ஏறத்தாழ முந்நூறு கல்லூரிகள் இதற்கு இணங்கின. மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமை தாங்கிய டைலர் ஆசிரியர்களிடம் வினாத்தாளை நீட்டவில்லை. நீவிர் பிள்ளையிடத்தே எந்த மாற்றத்தை விரும்புகின்றீர், அம்மாற்றம் நிகழ்ந்தால் அது எந்தச் செயலிலே தென்படும் என்று கேட்டார். அவ்விடைகளிலிருந்தே சோதனைகள் எழுந்தன. சிந்திக்கும் ஆற்றல், கலையைச் சுவைத்தல், பிறரோடு இயைந்து நடத்தல் என்பவற்றுக்கும் அளவைகள் தேடப்பட்டன. முடிவிலே அப்பாடசாலைகளிலிருந்து கல்லூரி சென்ற 1,475 மாணாக்கர், வழக்கமான முறையிலே கற்ற அதே தொகையினரோடு இவ்விருவராக இணைத்து ஒப்பிடப்பட்டனர். விடுவிக்கப்பட்டவர்கள் எவ்விதத்தும் தாழவில்லை; பலவற்றிலே சற்று மேம்பட்டும் இருந்தனர். அறிக்கை 1942 இல் வந்தது. உலகப் போரின் இரைச்சலிலே அது பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

கல்வித் துறையிலே மதிப்பீடு என்னும் சொல்லுக்கு டைலர் கொடுத்த பொருள் இது: குறித்த நோக்கங்கள் எவ்வளவு தூரம் நிறைவேறின என்று காணுதல். லோவின் முறையோடு ஒப்பிடும்போது இது பெரியதோர் ஏற்றம். ஆயினும் இடைவெளி ஒன்று எஞ்சியது. நோக்கமே அற்பமானதாயின் என் செய்வது? தன்னிடத்துப் பிள்ளைகள் அனைவரும் வாய்பாட்டை ஒப்புவிக்க வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்ட பாடசாலை அதனை முற்றாக நிறைவேற்றி விட்டால், அது நல்ல பாடசாலையா?

1967 ஆம் ஆண்டிலே மைக்கல் ஸ்கிறிவன் என்பவர் இவ்வினாவை நேரடியாக எடுத்தார். அவர் தத்துவம் கற்றவர். இங்கிலாந்திலே பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்து அமெரிக்காவிலே போதித்தவர். 2023 இல் மறைந்தார். நோக்கம் நிறைவேறியதா என்று பார்ப்பதோடு நிற்பவன் மதிப்பீட்டாளனாகான்; நோக்கத்தின் தகுதியையும் அவன் ஆராய்ந்து, இது நன்று இது தீது என்று தீர்ப்புக் கூறல் வேண்டும் என்றார். சமூக ஆய்வாளர் பலருக்கு இது கசந்தது. உள்ளதை உள்ளவாறு கூறுவதே அறிவியல், நன்று தீது கூறுவது அறிவியலாகாது என்று பழகியவர்கள் அவர்கள். ஸ்கிறிவன் விடவில்லை. கடிகாரம் நேரத்தைப் பிழையாகக் காட்டுமாயின் அது தீய கடிகாரம் என்று கூறுவது விருப்பு வெறுப்பன்று, ஆராய்ந்து நிறுவத்தக்க உண்மை. பாடத்திட்டத்துக்கும் அஃதொக்கும் என்பது அவரது நியாயத்தின் போக்கு. 1972 இல் அவர் இன்னும் ஓரடி சென்றார். மதிப்பீட்டாளன் ஒரு திட்டத்தின் நோக்கம் யாதென்பதை முதலிலே கேட்டறியாமல், அது மக்களுக்கு உண்மையிலே என்ன செய்தது என்பதையே காண முயலல் வேண்டும் என்றார். நோக்கத்தை அறிந்தவனின் கண் நோக்கத்தைச் சூழவே சுழலும். எதிர்பாராத நன்மையும் தீமையும் அதற்குப் புலனாகா. இது நடைமுறைக்குக் கடினமான யோசனை. நிதி வழங்கும் அதிகாரிகள் அதனை விரும்பி ஏற்பார்கள் என்று எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் சொல்லப்பட வேண்டிய ஒன்று சொல்லப்பட்டது.

இதனை அடுத்தே தகவு என்னும் கருத்து இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஸ்கிறிவன் காட்டிய வேறுபாட்டை ஈவோனா லிங்கன், எகன் கூபா என்னும் இருவர் 1980 ஆம் ஆண்டளவிலே விரித்துரைத்தனர். ஒரு பொருள் தன்னளவிலே கொண்டுள்ள சிறப்பு அதன் தகவு. ஒரு குறித்த இடத்திலே, குறித்த மக்களின் தேவைக்கு அது உதவும் அளவு அதன் பெறுமதி. தகவுடையது யாவும் பெறுமதியுடையதென்று கொள்ளலாகாது. மேலும், பெறுமதியை அறிய வேண்டுமாயின் எவருடைய தேவை என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

இவ்வேறுபாடு பெயர் பெறுவதற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் முன்னரே, யாழ்ப்பாணத்திலே அதன்படி ஒரு கல்லூரியின் விதி தீர்க்கப்பட்டது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே நிறுவிய செமினரியே அது. தானியேல் பூவர் அதன் முதலதிபர். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் ஆங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாயிருந்த எமேசன் தெனன்ற், மாணாக்கரின் அறிவைக் கண்டு வியந்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதனை வைத்தெண்ணலாமென 1850 இல் வெளிவந்த தம் நூலிலே எழுதினார். தகவுக்கு இதனினும் உயர்ந்த சான்று அக்காலத்திலே கிடைப்பது அரிது.

ஐந்தாண்டு கழிந்தது. மிசனின் தாய்ச்சங்கம் றூபஸ் அண்டர்சன் என்பவரை அனுப்பித் தன் நிலையங்களைப் பார்வையிடச் செய்தது. சுதேச குருமாரை உருவாக்குவதே சங்கத்தின் தேவை. ஆங்கிலங் கற்ற இளைஞரோ அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர். கிராமத்தவர்க்குத் தாய்மொழிக் கல்வியே உகந்தது என்பது அவர் கொள்கை. 1855 ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. கல்வித்தரம் தாழ்ந்தமை அதற்குக் காரணமன்று. நடத்தியவர்களின் தேவைக்கு அது பெறுமதியற்றதாகக் காணப்பட்டது, அவ்வளவே. பிள்ளைகளை அனுப்பிய யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் தேவை அத்தராசிலே வைத்து நிறுக்கப்படவில்லை. வைத்திருப்பின் முடிவு வேறாயிருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எஞ்சி நின்றது யாது? 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் திகழ்ந்த கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் அச்செமினரியிலே பயின்றவர்கள். தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடிக் கலித்தொகையையும் வீரசோழியத்தையும் பதிப்பித்த பெருமை தமிழுலகம் அறிந்தது. குருமார் எத்தனை பேர் என்று எண்ணிய 1855 ஆம் ஆண்டின் கணக்கிலே, இனிமேல் வரவிருந்த இப்பதிப்புக்களுக்கு நிரல் இல்லை. 1872 இல் அதே வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.

காலத்தின் சிக்கலை இதனினும் தெளிவாகக் காட்டுவது அண்மைக்கால அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று. வறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தஞ் செய்யவென 1965 இல் ஹெட் ஸ்டார்ட் என்னும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. 1969 இல் வெளிவந்த மதிப்பீட்டறிக்கை, கோடை காலத்தில் மட்டும் நடந்த வகுப்புக்களாலே நிலையான அறிவுப் பயன் இல்லையென்றும், ஆண்டு முழுவதும் நடந்தவற்றின் பயனும் சொற்பமே என்றும் கூறிற்று. அதனை எதிர்த்தவர்கள் இரு நியாயங்களைக் காட்டினர். பிள்ளைகளுக்கு வைத்திய உதவியும் போசாக்குணவும் அளித்தல், பெற்றோரையும் ஈடுபடுத்தல் என்பன திட்டத்தின் பெரும்பகுதியாயிருக்க, அவை போதிய அளவு கணக்கிலே சேரவில்லை என்பது ஒன்று. ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட பிள்ளைகள் முதலிலேயே சற்று நல்ல நிலையிலிருந்தவர்களாதலின் வேறுபாடு மறைந்தது என்று டொனால்ட் காம்பெல் முதலியோர் காட்டியது மற்றொன்று.

அதே காலத்திலே மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்றி என்னும் ஊரிலே பெரி பாலர் பாடசாலை என்ற சிறு முயற்சி 1962 முதல் 1967 வரை நடைபெற்றது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். 58 பேர் பாலர் வகுப்பிலே கற்றனர்; 65 பேர் கற்கவில்லை. கற்றவர்களின் நுண்மதிப் புள்ளி முதலில் விரைந்து உயர்ந்தது. சில ஆண்டுகளிலே அவ்வேற்றம் மெல்லக் கரைந்து இரு சாராரும் ஏறத்தாழச் சமமாயினர். அந்நிலையிலே கணக்கை முடித்திருந்தால், முயற்சி வீணென்று எழுதி ஏட்டை மூடியிருப்பர். ஆய்வாளர்கள் ஏட்டை மூடவில்லை. அப்பிள்ளைகளை மீண்டும் மீண்டும் தேடிச் சென்று, அவர்கள் வளர்ந்து நாற்பது வயது எய்தும் வரை பின்தொடர்ந்தனர். 2005 இல் வெளியான அறிக்கையின்படி, ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானோர் பாலர் வகுப்பிலே கற்றவர்களுள் நூற்றுக்கு 36; கல்லாதவர்களுள் நூற்றுக்கு 55. ஆண்டு வருவாய் கற்றவர்களுக்கு 20,800 டொலரும், மற்றவர்களுக்கு 15,300 டொலருமாக இருந்தது. நுண்மதிச் சோதனை எட்டு வயதிலே காணாத வேறுபாடு, நாற்பது வயதிலே பொலிசாரின் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் வந்து நின்றது.